ஒற்றைத் துடுப்பு

என் அன்பான கோபக்காரருக்கு,

"உனக்கு ஏலாது" என்று கட்டாரிலிருந்து சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை டச்பே கடலில் மூழ்கிச் சுழியோடப் பழகப் போனேன். கரையில் உங்கள் அக்கா மறித்தா.

"இந்தக் காலோடையோ?"

"இல்லை மச்சாள், மற்றக் காலோடை."

காலில் மாட்டும் நீச்சல் துடுப்பைக் கடையில் சோடியாகத்தான் விற்கிறார்கள். வலதை மாட்டிக்கொண்டு, பொய்க்காலைக் கழற்றி மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். கடலுக்கடியில் யாரும் எனக்கு 'இரு' என்று கதிரை இழுத்துப் போடவில்லை. அடியில் கிடந்த பாறையைத் தொட்டுவிட்டுத்தான் மேலே வந்தேன்.

வருகிற ஞாயிறும் போவேன். நீங்கள் வாங்கி வருவதாகச் சொன்ன சக்கரக் கதிரை வேண்டாம்.

இடது துடுப்பு அலுமாரியில் புதிதாகவே கிடக்கிறது. லீவில் வந்ததும் அதை மட்டும் மாட்டிக்கொண்டு என்னைப் பிடித்துப் பாருங்கள். உங்களுக்கு ஏலாது.

உங்கள் மனுசி