பேப்பர் வராத வீடு

ஜூன் 3

ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை என் வீட்டுக்காரர் சுகதேட்டனைத் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். கள்ளிறக்க ஏறிய தென்னையிலிருந்து விழுந்து பதினான்கு மாதம்; இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பேப்பரை நிறுத்தச் சொன்னார். டிவியும் கூடாது. நல்ல போன் அவரோடு விழுந்து நொறுங்கியது. இருப்பது பொத்தான் போன். கள்ளுஷாப்பில் உட்கார்ந்து ஊர் உலகத்தையே அலசிய மனுஷன். இப்போது வெளியே உலகம் நடப்பதே அவருக்குப் பிடிக்கவில்லை. அதற்காக நானும் சேர்ந்து கிடக்கிறேன்.

வாராவாரம் வரும் பஞ்சாயத்து நர்ஸ் சிசிலி, சர்க்கார் கிளார்க் பரீட்சைக்கு நான் படிக்கும் கைடைப் புரட்டிச் சிரித்தார். "ரெமணி, இதுல இருக்கிற மந்திரிங்க பாதிப் பேர் எப்பவோ வீட்டுக்குப் போயாச்சு. யாரை மனப்பாடம் பண்றே?"

ஆறு மாதமாகப் பழைய விடைகளை உருப்போட்டிருக்கிறேன். ஆகஸ்டில் பரீட்சை. அதைவிட்டால் எனக்கு வயது கடந்துவிடும். தினம் ஒரு புது விஷயம் தெரிந்துகொண்டு எழுதிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 4

புதிதாக ஒன்றுமில்லை. இந்த வீட்டுக்குள் எங்கிருந்து வரும்?

ஜூன் 17

சிசிலி சிஸ்டர் கட்டுத்துணிக்கு அடியில் ஒரு வாரத்துப் பேப்பர்களை ஒளித்துக் கொண்டுவருகிறார். அடுக்களையில் உட்கார்ந்து முணுமுணுவென்று படிக்கிறேன். இடுக்கி அணையில் நீர் ஏறுகிறதாம். பெரியாறு, குறவன் மலை, குறத்தி மலை, வளைவு அணை — கைடில் எத்தனை முறை படித்தும் மண்டையில் நிற்காதவை இன்று ஒரே வாசிப்பில் ஒட்டிக்கொண்டன. ஏன் அப்படி? கைடில் அவை வெறும் விடைகள். பேப்பரில் அங்கே தண்ணீர் ஏறுகிறது, கரையில் இருப்பவர்கள் பயப்படுகிறார்கள்.

ஜூலை 1

மாட்டிக்கொண்டேன். அவரைத் திருப்பும்போது இடுப்பில் செருகியிருந்த பேப்பர் கட்டிலிலேயே விழுந்தது. "வேலை கெடச்சா என்னை யாருடி திருப்புவா? போட்டுட்டு ஓடத்தானே பாக்கிற?"

ஓடவா? நிம்மதியா குளிக்கக்கூட நேரமில்ல எனக்கு. ஓட முடிஞ்சிருந்தா எப்பவோ ஓடிருக்க மாட்டேனா? — எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

ஜூலை 2

கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாகவே படித்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்ப வேண்டுமானால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். இன்னும் நேரமாகவில்லை என்றேன்.

ஜூலை 20

கடல் இல்லாத ஐந்து மாவட்டங்களைச் சொல்லிப் பார்த்தேன். நாலோடு நின்றுவிட்டது. அறைக்குள்ளிருந்து குரல்: "கோட்டயத்தை விட்டுட்டியே. அங்க காயல்தான்டி, கடல் இல்ல. போன வாரம் படகு ஸ்ட்ரைக் சேதியில நீதானே வாசிச்ச?"



ஆகஸ்ட் 23

இன்று மதியம் பரீட்சை. அவர் தம்பி ஷிபு பத்து மணிக்கு வந்து சாயங்காலம்வரை பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். சேலை கட்டி, ஹால் டிக்கெட்டோடு வாசலில் நின்றேன். பத்தரை பஸ் போனது. பதினொன்றேகால் பஸ்ஸும் போனது. ஷிபு போனை எடுக்கவேயில்லை.

"நீ போ. ஒரு நாள் ஒரே பக்கமா கெடந்தா செத்துர மாட்டேன்" என்றார்.

போயிருக்கலாமோ? பன்னிரண்டு மணிக்கு அவரைத் திருப்பினேன். பிறகு சேலையை மாற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26

சிஸ்டரிடம் சொல்லி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. நேரே கட்டிலருகே போய், "சுகதா, நீ பத்தாவது பாஸ்தானே? ஒன்ன மாதிரி நடக்க முடியாதவங்களுக்கு வயசுல சலுகை உண்டு. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு? அடுத்த தடவை நீ எழுது" என்றார்.

அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸுல எப்படி ஏத்துவீங்க?" என்று கேட்டார்.

அக்டோபர் 12

அவர் பெயரில் விண்ணப்பம் போட்டாயிற்று. எனக்கு மகிழ்ச்சியா? ஆமாம். பொறாமையா? அதுவும்தான், வயிறு எரிகிறது. ராத்திரி பகலாகப் படித்தது நான்.

சாயங்காலம் முதுகுக்குத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். "கேளுடி" என்றார். முதல் கேள்வியைக் கேட்டேன். யோசிக்காமல் பதில் சொன்னார். சரியான விடைதான். எனக்கும் தெரியும்.