வெள்ளாவிக்குப் போன வில்லபைத்தா

1934 மார்கழி 4, செவ்வாய்.
விடாத மழை. மட்டக்களப்பு வாவி படியேறி வீட்டுக்குள் வரப் பார்க்கிறது. இடமில்லை, ஏற்கெனவே ஒரு விருந்தாளி. பின்லாந்துக் கப்பற்காரன் ஹெய்க்கி. காய்ச்சல் என்று கப்பல் இறக்கிவிட்டுப் போனது. ஆசுபத்திரி விட்டதும் நான் கூட்டிவந்தேன். உயரம் ஏழடி. (நாளை எட்டு என்று எழுதலாம்.) இருவருக்கும் அரைகுறை இங்கிலீசு, போதும். வெள்ளியன்று ரயிலில் கொழும்பு, பிறகு கப்பல். ஊர் சேரும்போது அங்கே கடல் உறைந்திருக்குமாம்.

அவனுடைய ஒரே பொக்கிஷம், தாய் பின்னிய கம்பளிச்சட்டை. பெயர் வில்லபைத்தா. வில்ல, கம்பளி. பைத்தா, சட்டை. நம்மைப்போல இரண்டு சொல்லை ஒட்டி ஒன்று: பூமியின் இரு நுனியிலும் ஒரே தையல்.

5, புதன். மழை.
ஹெய்க்கியின் தகப்பன் பள்ளி ஆசிரியர். வில்ல, பைத்தா இரண்டுமே பழங்காலத்து இரவலாம். வேறு வேறு அயலாரிடம் வாங்கியவை. கூச்சமே இல்லாமல் சொல்கிறான். என்ன பெருந்தன்மை. நானும் வீட்டைச் சுற்றிக் காட்டினேன்: மேசை, அலுமாரி, சப்பாத்து. எல்லாம் பறங்கியிடம் வாங்கிய பெயர்கள். இரண்டு இரவலை முடிச்சுப் போட்டுப் பனியையே எதிர்த்த சனத்துக்கு மட்டக்களப்பில் சிலை வைக்கவேண்டும்.

சட்டையில் ஆசுபத்திரி வாடை. அவன் தூங்கும்போது சலவைக்காரர் கணபதியிடம் கொடுத்தேன். "ராசா வீட்டு உடுப்பு. வெள்ளாவியில ரெண்டு தரம் வையுங்க."

6, வியாழன்.
கணபதி வந்தார். முகம் சரியில்லை.
"ஐயா, நான் ஒண்டும் வெட்டல்ல. ஆவியில வச்சன், மறுகா பாத்தா இவ்வளவுதான் இரிக்கு."
இரண்டு சாண்.
தங்கை மகள் செல்லம், இடுப்பில் பிள்ளையோடு: "மாமா, நீங்க கம்பளியக் கண்டதே இல்லையா?"
"கண்டிருக்கன் புள்ள. அவிச்சதில்ல."

ஹெய்க்கியிடம் நானே சொன்னேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கைகளை இழுத்து இழுத்துப் பார்த்தான், நீளவில்லை. உறைந்த கடலுக்கு எதை உடுத்துப் போவான்?

7, வெள்ளி. வெயில்.
பெட்டியிலிருந்து என் கறுப்புக் கம்பளிக் கோட்டை எடுத்தேன். அரசாங்க ஏசண்டர் துரைக்கு முன் இருபது வருடம் வேர்த்து நின்ற கோட்டு. அவனுக்குக் கை முழங்கையோடு நின்றது. கழற்றவில்லை.

ஸ்டேஷனில், இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்றேன். செல்லத்துக்கு நான் என்ன முறை என்று கேட்டு, யோசித்து, சேர்த்துக் கட்டித் தந்தான்: எனோன்தக்கி. தக்கி, கோட்டு. எனோ, தாயின் உடன்பிறந்தான். மாமன் கோட்டு. தாய்மாமனுக்கு அவர்களிடமும் தனிச்சொல் உண்டாம்.

சின்ன வில்லபைத்தாவைச் செல்லத்தின் பிள்ளைக்கு விட்டுப்போனான். போட்டுப் பார்த்தோம். அளவு சரி. ஐந்து நிமிடத்தில் சின்னவள் வேர்த்துக் கத்தினாள். நல்ல கம்பளி.

அவனுக்கும் குளிராது. முழங்கைக்குக் கீழே மட்டும் குளிரும்.