பிளாஸ்டிக் பையில் கட்டிய விதை

அன்புள்ள அம்மாவுக்கு,

யஸ்னா எழுதுகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? நம் தீவில் மழை விட்டதா? இந்த அடகாமா பாலைவனத்தில் வானம் வெறிச்சென்று கிடக்கிறது.

போன வாரம் ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. ஏழு வருஷம் கழித்து இங்கே மழை பெய்து, இந்தப் பாலைவனத்தில் மட்டுமே வளரும் சிங்கநகச் செடி பூத்துக் காய்த்திருந்தது. எங்கள் விதை வங்கியில் சேமிக்க அறுபது செடிகளில் விதை எடுத்தேன். காலையில் கடல்பக்கமிருந்து மூடுபனி வந்து காகிதப் பைகள் நமுத்துப்போயின. ஈரம் என்றாலே பிளாஸ்டிக்கில் கட்டுவது நம் வீட்டுப் பழக்கம், கை சும்மா இருக்குமா? துணி நனையாமலிருக்க நீ கொடுத்தனுப்பினாயே, அந்த பிளாஸ்டிக் பைகளில் விதையைக் கொட்டி இறுக்கிக் கட்டிவிட்டேன். மூன்று நாள் வண்டிக்குள் வெயிலில் கிடந்தது. பிரித்தால், எல்லாம் வேர்த்துப் பூசணம் பிடித்திருந்தது.

எங்கள் குழுத் தலைவி இர்மா அக்கா, "ஏண்டி மழைக்காரி, விதை என்ன கருவாடா, இப்படிக் கட்டி வைக்க? அதுக்கு மூச்சு வேணாமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அவர் மெதுவாக, "இனி மழை எப்போன்னு யாருக்குடி தெரியும்?" என்றார். 

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. காகிதத்திலேயே சுற்று. அடுத்த முறை போன் பேசும்போது தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசு, மழைச் சத்தம் கேட்கட்டும்.

வண்டி கிளம்புகிறது. பூசணம் மற்ற விதைகளுக்கும் பரவாமலிருக்க அந்த விதைகளை எரித்துவிட்டார்கள். ஒரு பையை மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன். திறந்தால் மழை ஈரம் ஊறிய நம் வீட்டு அலமாரி வாசம் வருகிறது, அம்மா.

உன் யஸ்னா