பேர் எழுதி நட்ட களைகள்

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

நான் சௌக்கியம் என்று எழுதினால் நம்பமாட்டாய். சௌக்கியமில்லை என்று எழுதினால் சந்தோஷப்படுவாய். ஆகவே இரண்டையும் எழுதவில்லை. பத்து நாளில் வருகிறேன் என்று பெட்டியோடு போனவள் நாற்பது நாளாக அங்கே இருக்கிறாய் என்றால், உன் தம்பியும் அவன் மனைவியும் நன்றாகத்தான் கவனிக்கிறார்கள். அவர்களுக்கு என் அன்பைச் சொல். சொல்ல மனமில்லாவிட்டால் வேண்டாம்.

முதலில் அடுக்ககச் செய்தி. நீ ‘இஞ்ச் டேப்’ என்று பேர் வைத்த நம் சங்கச் செயலாளர், நீ கீரையும் மூலிகையும் பறிக்கிற பின்பக்கத் தோட்டத்தைப் புல்வெளியாக்கியே தீருவதென்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார். காலையில் குனிந்து ஸ்கேலால் புல்லை அளக்கிறார். வாழ்நாளெல்லாம் ஆபீஸ் காகிதத்தில் மார்ஜின் போட்ட மனுஷனை ஓய்வுபெறச் சொன்னால் இப்படித்தான் ஆகும். அந்தப் புல்லால் யாருக்கு என்ன பிரயோஜனம்? தின்ன முடியாது, மிதிக்கக் கூடாது, பூக்காது, ஒரு தேனீகூட எட்டிப் பார்க்காது. வேளாவேளைக்குத் தண்ணீர் மட்டும் புது மாப்பிள்ளை தோரணையில் கேட்டு வாங்கிக் குடிக்கும்.

அவருக்கு ஜால்ரா தட்ட முதல் மாடி பல் டாக்டர் வீட்டம்மா. உன் டேன்டிலியன் செடியின் மஞ்சள் பூ பஞ்சாகிப் பறந்து அவள் பால்கனியில் விழுவதுதான் உலகத்தின் தலையாய பிரச்சினை. போன வாரம் படிக்கட்டில் அவள் பை கிழிந்து சாமான்கள் உருண்டன. பொறுக்கிக் கொடுக்கப் போனேன். ஒரு டப்பா கையில் வந்தது. ஈரலுக்கு நல்லதாம், டேன்டிலியன் வேர்த்தூள், கடல் கடந்து வந்த சரக்கு. மூடியில் அதே மஞ்சள் பூ, அதே பல் பல்லான இலை. என்னம்மா இது என்றேன். “அது வேற, இது வேற சார்” என்றாள். வாஸ்தவம்தான். அது மண்ணில் இருக்கிறது, இது டப்பாவில் இருக்கிறது.

இவர்களைச் சொல்லி என்ன, ஊரிலேயே பெரிய யோக்கியன் நான் இருக்கிறேனே! சங்கக் கூட்டத்தில் நீ எழுந்து, இந்த இலையை வதக்கிச் சாப்பிடலாம், வேரை வறுத்துக் காப்பி மாதிரிக் குடிக்கலாம், மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு ஆகும், புளியாரையைத் துவையல் அரைக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல் கொஞ்சம் நடுங்கியது. இஞ்ச் டேப் என் பக்கம் திரும்பி, “என்ன சார், உங்க வீட்டம்மா தினமும் தோட்டத்துல மேயறாங்களாமே?” என்றார். நான், உன் புருஷன், “பால்தான் இன்னும் கறக்கல சார்” என்றேன். சபையே அதிர்ந்தது. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. நீ உட்கார்ந்துவிட்டாய். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு போட்டாய். மறுநாள் பெட்டி.

நான் என்ன அப்படிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வாரம் சுவரிடம் நியாயம் கேட்டேன். சுவர் உன் கட்சி.

இனி எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படி. நீ திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று, நம் பெயர்ப்பலகைக் கடையிலேயே பன்னிரண்டு சின்னப் பலகைகள் செய்தேன். செடிகளைப் பற்றி நீ எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து ஒவ்வொரு செடிக்கும் பேர், உபயோகம், எல்லாம் சிவப்பு எழுத்தில். யாரும் பிடுங்காமலிருக்கட்டும் என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி வைத்து நட்டேன். அடியில் கடை போன் நம்பரும் போட்டேன். புத்தி எங்கே போகும்!

போன வாரம் செவ்வாய்க்கிழமை மருந்தடிக்கிறவர் வந்தார். நான் கடையிலிருந்து வருவதற்குள் வேலை முடிந்திருந்தது. என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “களைக்கு மட்டும் அடின்னு செகரட்டரி சொல்லிட்டுப் போயிட்டாருங்க. எது களை, எது செடின்னு எனக்கு என்ன தெரியும்? நல்லவேளை, யாரோ புண்ணியவான் பேர் எழுதி குச்சி நட்டு வெச்சிருந்தாரு. ஒண்ணு விடாம அடிச்சிட்டேன்.” அந்தப் புண்ணியவான் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

எல்லாம் சுருண்டு பழுப்பாகிவிட்டன. பலகைகள் மட்டும் பளபளவென்று நிற்கின்றன. உனக்குத் தெரியாமல் மறைத்துவிடலாமா என்றுகூட இரண்டு நாள் யோசித்தேன்.

நம் சமையலறை ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் ஓரமாக ஒரு கீற்றுப் பச்சை மட்டும் தப்பித்திருக்கிறது. அங்கே நடப் பலகை தீர்ந்துபோயிற்று, எனக்கு அலுப்பும் வந்துவிட்டது. என் பிரியம் பட்டதெல்லாம் பட்டுப்போக, என் சோம்பேறித்தனம்தான் அதைக் காப்பாற்றியது. நேற்று இஞ்ச் டேப் கண்ணில் அதுவும் பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடியும் மருந்தாம். அவர் வீட்டுக்கே போய்க் கூடாது என்றேன். “என்ன சார், நீங்களே சிரிச்ச ஆளுதானே?” என்றார். இருந்தும் அடிக்கக் கூடாது என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அந்தக் குழாய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறேன். எல்லோரும் கூடுவார்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் இது என்ன செடி, எதற்கு ஆகும் என்று எவனாவது கேட்டால் எனக்குப் பாதிதான் தெரியும், அதையும் தப்பாகச் சொல்லுவேன். சனிக்கிழமை பஸ் ஏறினால் சாயங்காலம் வந்துவிடலாம். என்னோடு பேச வேண்டும் என்பதில்லை. அவர்களோடு பேசு. நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி கனமாக இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு நீ மட்டும் வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்