சித்தப்பா வீடு இருக்கும்போது விடுதி எதற்கு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து விடாத மழை. துணி எதுவும் காயவில்லை, ஹாலில் கொடி கட்டியாயிற்று. மிக்ஸி வாஷர் வாங்க வேண்டும். கேஸ் சொல்ல வேண்டும். யூனிட் டெஸ்ட் தாள் பாதிதான் திருத்தினேன். இத்தனை வருட சர்வீஸில் இந்த வருடம்தான் பத்தாம் வகுப்புக் கணக்கு என் கைக்கு வந்திருக்கிறது. சொதப்பக் கூடாது.

நிவேதாவுக்கு டப்ளின் கல்லூரியிலிருந்து மெயில். தங்குமிடத்தை அடுத்த வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டுமாம். விடுதியில் இரண்டு விதம். சாப்பாட்டோடு அறை. அல்லது வெறும் அறை, பொதுச் சமையலறையில் நாமே பொங்கிக்கொள்ள வேண்டியது. எடுத்தது எடுத்ததுதான், வருடம் முழுக்க மாற்ற முடியாது. சாப்பாட்டோடு எடு என்றேன். முட்டையைக்கூட ஒழுங்காக உடைக்கத் தெரியாத மகள்.

இவர் பிம்ப்ரி ஆபீஸிலிருந்து நனைந்து வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டே, "சுரேஷ் வீடு அதே ஊர்ல இருக்கறப்ப ஹாஸ்டல் எதுக்கு? சொந்தத் தம்பி" என்றார். பேச்சு அத்தோடு முடிந்ததாக அவருக்கு நினைப்பு.

ஜூலை 9, புதன்

மழை. ரிக்ஷாக்காரன் விஷ்ராந்த்வாடி சிக்னல் தாண்டி வரமாட்டேன் என்று இறக்கிவிட்டான். செருப்பு போச்சு.

ஸ்டாஃப் ரூமில் மராத்தி டீச்சரிடம் சொன்னேன். "ரிலேட்டிவ் ஹை நா? ஃபிர் க்யா டென்ஷன்?" சொந்தக்காரர் வீடு என்றால் கவலை இல்லை. இவளும் ஒருநாள் இருந்து பார்க்கட்டும்.

கோயமுத்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கித்தான் நான் காலேஜ் முடித்தேன். வாசல் தெளிப்பது, மாவு ஆட்டுவது, அக்கா குழந்தைக்குக் கால் கழுவி விடுவது, எல்லாம் நான். பரீட்சைக்கு முதல் நாள் யார் வீட்டுச் சீருக்கோ முறுக்குப் பிழிந்தேன். மூன்றாவது தோசை கிடையாது என்று யாரும் சொன்னதில்லை. வேண்டுமா என்று கேட்டதும் இல்லை. வந்தவர்களிடம் பெரியம்மா, "எங்க பொண்ணாட்டமே வெச்சிருக்கறோம்" என்பாள். சம்பளமில்லாத வேலைக்காரி என்று அப்போது நினைக்கக்கூடப் பயம். இப்போது எழுதிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

டப்ளினிலிருந்து வீடியோ கால். சுரேஷ், அவன் மனைவி காயத்ரி, மூன்று வயது தியா. காயத்ரி முகம் ஊதியிருந்தது.

"அக்கா, உங்ககிட்ட இன்னும் சொல்லலை. ரெண்டாவது. அக்டோபர்ல டேட் குடுத்திருக்காங்க."

நல்லது, உடம்பைப் பார்த்துக்கொள், எல்லாம் சொன்னேன். பிறகு வந்தது விஷயம்.

"எங்கம்மாவால முழங்கால் வலிய வெச்சுட்டு வர முடியாதுங்க்கா. நிவி இங்க இருந்தா தியாவ ப்ளே ஸ்கூல்ல விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துருவா. காலேஜ் எந்நேரமும் இருக்காதுல்ல?"

சுரேஷ் நடுவில் புகுந்து, "அண்ணி, வாடகை கீடகைன்னு பேசவே கூடாது. நம்ம பொண்ணு" என்றான்.

நம்ம பொண்ணு. இவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். முன்பே தெரியும் இவருக்கு, முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

காயத்ரி கெட்டவள் இல்லை. ஆள் இல்லாத ஊரில் பிரசவம், பயம் இருக்கும். அதற்காகப் படிக்கப் போகிறவளையா பிடிப்பது?

ஜூலை 13, ஞாயிறு

மழையில் அணை பார்க்கலாம் என்று இவர் கடக்வாஸ்லாவுக்குக் கூட்டிப்போனார். என்னைச் சமாதானம் செய்வதற்கு. ஊரே ரோட்டோரம் நின்று சுட்ட சோளம் தின்றது. நாங்கள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சண்டை போட்டோம்.

"படிக்கப் போறவளுக்கு ஆயா வேலையா?"

"உனக்கு எங்க வீட்டு ஆளுகன்னாலே ஆகாது."

"என்ற பொண்ணு ஹாஸ்டல்லதான் இருப்பா. இல்லாட்டி அவ போகவே வேண்டாம்."

கத்தியது நான்தான். கல்யாணமாகி இவரிடம் இப்படிப் பேசியதில்லை.

பின் சீட்டில் நிவி. "அரே, கோயீ முஜ்ஸே பீ பூச்சோ." என்னையும் யாராவது கேளுங்கள் என்கிறாள். கேட்டேன். "ஹாஸ்டல்தான். ஐ மீன், எனக்குத் தனியா இருக்கணும்" என்றாள்.

வீடு வந்து சேர்ந்தோம். லிஃப்ட்டில் இவர், "சரி. சுரேஷ்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஜெயித்துவிட்டேன். இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. எல்லாத் துணியும் மாடிக்கு. இவரே காப்பி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கல். கோபம் இல்லையாம். ஆச்சரியம்.

நிவிக்குக் கொடுத்துவிட: பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், ஒரு சின்னக் குக்கர் (வேண்டாம் என்பாள்). விடுதியில் சாப்பாடு போட்டாலும் பொடி இருக்கட்டும்.

பத்தாம் வகுப்பில் ஆறு பேர் ஃபெயில். சனிக்கிழமை தனி வகுப்பு எடுக்கலாமா என்று பிரின்சிபாலைக் கேட்டேன். சரி என்றார்.

ஜூலை 17, வியாழன்

மறுபடி மழை. பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. இவர்: "உன் பாஸ்போர்ட் எங்க?"

"எதுக்குங்க?"

"சுரேஷ் டிக்கெட் போடணுங்கறான். அக்டோபர்லருந்து மூணு மாசம் போய் இருந்துட்டு வா. நிவிய நீதான் விடமாட்டேன்னுட்ட. அங்க யாராச்சும் வேணுமில்ல?"

பத்தாம் வகுப்பு என்றேன். "வேற டீச்சரே இல்லியா? லீவு போடு." சுரேஷிடம் சொல்லியாயிற்றாம். காயத்ரி சந்தோஷத்தில் அழுதாளாம். போகிறாயா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை.

நிவி அறைக்குப் போனேன். இவளாவது எனக்காகப் பேசுவாள் என்று. லாப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பா சொல்லிட்டாரா? சூப்பர் இல்ல? நான்தான்மா ஐடியா குடுத்தேன். அப்பா அன்னிக்கு ரொம்ப அப்செட். அம்மா போகட்டுமேன்னேன். உனக்கும் ஃபாரின் பார்த்த மாதிரி."

"ஹாஸ்டல் என்னாச்சு?"

"கன்ஃபர்ம் பண்ணிட்டேன். வெறும் ரூம். சாப்பாட்டுக்கு வேற எதுக்குமா பே பண்ணனும்? நீதான் அங்க இருப்பியே. சித்தப்பா வீட்டுலருந்து டப்பா குடுத்துடு."

"மூணு மாசத்துக்கு அப்புறம்?"

"அப்ப பாத்துக்கலாம். விசா எக்ஸ்டென்ஷன் எல்லாம் கிடைக்கும்மா."

இவளுக்காகவா காருக்குள் தொண்டை கிழியக் கத்தினேன். பெரியம்மாவாவது என்னைக் காலேஜுக்கு அனுப்பினாள்.

ஹாலிலிருந்து இவர், பாஸ்போர்ட் கிடைத்ததா என்று மறுபடி கேட்கிறார். கிடைத்தது. பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அதை எடுத்துக் கட்டிலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.