ஆள் வராத வார்டு

காக்கா,

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒத்திகை. இனியொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வோம் என்று எல்லோரும் ஓடியாடிக் காட்ட வேண்டும். பாதுகாப்பு உடுப்பின் புதுப்பை ஒன்றைக் கிழித்தேன். உள்ளேயிருந்து வந்த பிளாஸ்டிக் மணம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற இளம் தாதி, "என்ன சிஸ்டர், ஏலாமலா இரிக்கி?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். அப்படியொரு உடுப்புக்குள் நின்றுதான், கூடப்பிறந்த அண்ணனான உங்களைக் கடைசியாகப் பார்த்தேன்.

கொழும்பிலிருந்து வந்த அதிகாரி திருப்தியோடு போனார். திருப்திப்பட நிறைய இருக்கிறதுதான். கட்டிலுக்குக் கட்டில் ஒட்சிசன் குழாய், சுவாசக் கருவிகள், நோயாளர் வரத் தனி வாசல். போன பெருந்தொற்று வந்த அந்த வருடம் நம்மிடம் என்ன இருந்தது? துருப்பிடித்த கட்டில்களும் மழைக்கு ஒழுகும் பழைய வார்டும். அதைத் திருத்தியது நீங்கள். கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்த மனிதர், ஊரடங்கில் கடை பூட்டிக் கிடக்க, சும்மா இருக்க ஏலாமல் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். காரைதீவிலிருந்து உங்கள் கூட்டாளி மின்விசிறிகளைக் கொண்டுவந்து பூட்டினார். கடையில் கிடந்த துணியெல்லாம் கட்டில் விரிப்பாகவும் முகக்கவசமாகவும் ஆயின. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு உங்கள் தாடியிலும் ஒட்டியிருந்தது. வேலை முடிந்த அன்று ஒரு கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி நம்மட சனம் றோட்டில் கிடந்து சாகத் தேவையில்லை என்றீர்கள்.

பிறகு அந்தக் கட்டளை வந்தது. இந்த நோயில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். நம் மார்க்கப்படி மண்ணில் அடக்குவதால் ஆபத்தில்லை என்று படித்தவர்கள் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் அந்த நோயில் மௌத்தானபோது குளிப்பாட்டாமல், கபன் துணி இடாமல், தொழுவிக்காமல் எரிக்கக் கொண்டுபோனார்கள். மகன்மார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு வார்டுக்கு ஆள் வருவது குறைந்தது. கொஞ்ச நாளில் நின்றே போனது. நோய் அடங்குகிறது போல என்றார் எங்கள் டொக்டர். எனக்கு அப்படித் தெரியவில்லை. டியூட்டி முடிந்து நிந்தவூருக்குள் நடந்து வரும்போது, பூட்டிய ஜன்னல்களுக்குப் பின்னால் இருமல் கேட்டது. பாமசியில் காய்ச்சலுக்குக் குடிக்கும் பனடோல் தட்டுப்பாடு. வாங்க வந்தவர்களெல்லாம் தலையிடி என்றார்கள். சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பினால் அந்த இருமலும் நின்றுவிடும். நீங்கள் விரித்த விரிப்புகள் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

உங்களுக்குக் காய்ச்சல் என்று மதினி கோல் எடுத்துக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னா. ஓடி வந்தேன். உள்ளறையில் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்திருந்தீர்கள். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தேன். ஒட்சிசன் இறங்கியிருந்தது. இப்பவே வந்தால் காப்பாற்றலாம், ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்றேன். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கிக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்:

"நான் மௌத்தானா எரிக்க உடமாட்டன் எண்டு சொல்லு புள்ள. இப்பவே வாறன்."

"அது என்ட கையில இல்ல காக்கா."

நீங்கள் கோபப்படவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். மதினி வாசல்வரை வந்து, வெளியில் யாரிடமும் கதைக்க வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டா.

அடுத்த நாள் உங்கள் மகள் சல்மாவுக்கும் மூச்சு முட்டத் தொடங்கியது. ஆஸ்பத்திரி என்றதும் அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாளாம். அப்போது உங்களால் எழும்பி நிற்கவே ஏலாது. என்றாலும் ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லி, நானும் வாறன் மகள் என்று அவளுக்கு முன்னால் ஏறியது நீங்கள். என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொண்டே ஏறினீர்கள்.

அவளுக்கு நேரத்தோடு ஒட்சிசன் கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள். உங்களுக்குப் பிந்திவிட்டது. கண்ணாடிக்கும் முகக்கவசத்துக்கும் பின்னால் நின்ற என்னை அடையாளம் கண்டீர்களோ தெரியாது. கையுறையோடு உங்கள் கையைப் பிடித்துக் கலிமாவைச் சொல்லித் தந்தேன். உதடு அசைந்தது. பிறகு அதுவும் நின்றது.

உங்களை எரித்தார்கள். அந்தக் கட்டளை பின்னர் மாறியது. உங்களுக்கு அது உதவவில்லை. மையவாடியில் நம் வாப்பாவை அடக்கிய இடத்துக்குப் பக்கத்தில் வெறும் மணல்தான் கிடக்கிறது. பெருநாளுக்குப் போகும் உங்கள் மகன்மார் எங்கே நின்று துஆ கேட்பதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

ஒத்திகை முடிந்ததும் அதிகாரியிடம் ஒன்று கேட்டேன். எல்லாம் இருந்தும் சனம் வராவிட்டால் என்ன செய்வது? இவ்வளவு வசதி இருக்கும்போது ஏன் வராமல் விடப்போகிறார்கள் என்று சிரித்தார். அவருக்கு அந்தக் காலத்து வார்டு தெரியாது. நோயாளியே இல்லாத வார்டில் உட்கார்ந்துகொண்டு, ஊருக்குள் நோய் பெருகுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

இப்போதும் ஊரில் ஒரு காய்ச்சல் திரிகிறது. என்ன காய்ச்சலென்று இன்னும் யாரும் சொல்லவில்லை. இன்று பின்னேரம், அதிகாரியின் வாகனம் போன கையோடு, ஒரு பெண் தன் வாப்பாவை ஓட்டோவில் கொண்டுவந்தாள். மூச்சு அவர் நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே எடுங்கள், முதலில் ஒரு டெஸ்ட் எடுப்போம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"டெஸ்ட் வேணாம் சிஸ்டர். மருந்த மட்டும் தாங்க."

எரிக்கும் சட்டம் இப்போது இல்லை என்று சொன்னேன். நாளைக்கு வராதா என்று கேட்டாள். வராது என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. டொக்டரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஓட்டோ கேற்றைத் தாண்டிப் பெரிய றோட்டில் ஏறிவிட்டது. தயாராக்கிய கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த இளம் தாதி ஒன்றும் விளங்காமல் நின்றாள்.

வீட்டுக்கு வந்து சல்மாவிடம் சொன்னேன். அந்தக் குடும்பத்தை அவளுக்குத் தெரியுமாம். நாளைக் காலையில் இரண்டு பேரும் போகிறோம். கதவைத் திறப்பார்களோ தெரியாது. திறந்தால் நான் ஒன்றும் கதைக்கமாட்டேன். நீங்கள் அவளுக்கு முன்னால் ஆம்புலன்சில் ஏறியதை அவளே சொல்லட்டும். அதைத் தவிர அந்த வாசலுக்குக் கொண்டுபோக என்னிடம் வேறொன்றும் இல்லை, காக்கா.