பழசாக்கிய கிட்டார்

மார்ச் 4

தம்பிக்கு,

நீ கேட்ட கிட்டாரை எங்கள் கம்பெனியில் ஊழியர் சலுகையில் வாங்கி லாரியில் போட்டுவிட்டேன். இது நாலாவது. பாட்டு கற்கிற பிள்ளைகளுக்கு என்கிறாய். பிள்ளைகள் சிவப்பு, நீலம் என்று பளபளப்பாகத்தானே கேட்பார்கள்? நீ மட்டும் ஏன் வார்னிஷ் அடிக்காததையே கேட்கிறாய்? பழைய மாடலைப் பார்த்து நாங்கள் செய்கிற மலிவு கிட்டார். பளபளப்பை எடுத்துவிட்டால் அதில் என்ன மிச்சம்? உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுதேன்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளே வண்ணம் அடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எதற்குப் போலீஸ் மாதிரி கேட்கிறாய்? இன்னும் இரண்டு அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் ஊர்க் கடை விளம்பரம் ஒன்று கம்பெனி சாப்பாட்டு அறையில் கைமாறி வந்தது. ‘அறுபது வருடப் பழைய அசல் கிட்டார்.’ பின்பக்கப் படமும் போட்டிருந்தார்கள். வாசிப்பவர் வயிறு பதிகிற வளைவில் இடது ஓரம் கொஞ்சம் ஆழம். உப்புத்தாள் தேய்க்கும்போது மணிக்கட்டு வலியில் என் கை அங்கேதான் அமுங்கும். மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் தினமும் நான் தேய்த்து மறைக்கப் பார்க்கிற பள்ளம், எனக்குத் தெரியாதா? பழசாக்கிக் கடைக்கு விற்பது நீதானா?

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

இதை நீயாக எழுதினாயா, மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினாயா? நான்தான். டீத்தண்ணீரில் சாயம் ஏற்றி, சாவிக்கொத்தால் கீறினேன். எவனோ வரைந்த உருவத்தை உன் கம்பெனி காப்பியடித்தால் பழமைக்கு மரியாதை, நான் செய்தால் திருட்டா? உன் மணிக்கட்டைத் தின்ற முதலாளிக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குகிறாய்? அந்த இரண்டையும் அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

அதை வாங்கியவர் சந்தேகம் வந்து விசாரித்து, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். முதலாளிக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. நீ அடித்தது இவர் வயிற்றில்.

மேற்பார்வையாளர் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். யார் கை என்று சொல்லாவிட்டால் எங்கள் வரிசையில் எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்துவேன் என்றார். என்னோடு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்; காட்டிக்கொடுக்கவில்லை. கை என்னுடையது, விற்றது என் தம்பி என்று நானே சொன்னேன். எனக்கு இனி அங்கே வேலை இல்லை.

உன் முகவரி கேட்கிறார்கள். திங்கட்கிழமை தருகிறேன் என்றிருக்கிறேன். தந்துவிடுவேன். அதற்குள் உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று இதை இன்றைக்கே தபாலில் போடுகிறேன்.

அக்கா